கம்பெனிகளுக்குக் கஞ்சித் தொட்டி



வியாபார மந்த காலத்தில் நொடித்துப்போகிற பெரிய கம்பெனிகளைச் சர்க்கார் பொதுஜனங்கள் பணத்தைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தலாமா என்பது பற்றி நாம் இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். இது பணக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கொடுக்கப்படுவது வரிப்பணமாகையால் கணக்குக் கேட்க எல்லோருக்கும் பாத்தியதை உண்டு.

வெறும் தர்க்கம் பேசாமல், நடந்த காரியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பாங்கிக்காரர்கள் வீடு வாங்கக் கண்டபடி கடன் கொடுத்து, அந்தக் கடன் பத்திரங்களை ஒருவர் தலையில் ஒருவர் கட்டி லாபம் பார்த்தார்கள். வீட்டு விலை விழுந்ததும் பத்திரங்கள் வெறும் கடுதாசியாயின. 1850 முதல் இருந்துவந்த லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15-ந் தேதி மஞ்சள் கடுதாசி கொடுத்தது. சர்க்கார் கை கொடுக்கவில்லை. நாடெங்கும் கொடுக்கல் வாங்கல் ஸ்தம்பித்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. என்னும் இன்ஷியூரன்ஸ் கம்பெனிக்குச் சர்க்கார் ஓடி வந்தது. அதற்கென்று ஒதுக்கியது போகப்போக 18,200 கோடி டாலர் வரை ஏறிற்று. அக்டோபர் 3-ந் தேதி 70,000 கோடி டாலருக்கு ஒரு சட்டமே செய்தார்கள்.

இந்தக் கனவான்கள் நல்ல காலத்தில் பேசியதென்ன? சர்க்கார் வியாபாரத்தில் தலையிடக்கூடாது என்பதுதானே! லாபம் வந்தால் அவர்கள் புத்தி, நஷ்டம் வந்தால் ஊரார் பொறுப்பு! கடன்பட்ட ஏழையின் வீடு ஏலத்திற்குப் போனால் அது அவன் ஊதாரித்தனம்; கடன் கொடுத்த கம்பெனி போனால் மட்டும் புயல், வெள்ளம்போல வந்த ஆபத்தாம். நவம்பரில் மூன்று மோட்டார் கம்பெனித் தலைவர்கள், 2,500 கோடி டாலர் வேண்டுமென்று வாஷிங்டனுக்குப் பிச்சைப் பாத்திரத்துடன் வந்தார்கள். எதில் வந்தார்கள்? ஆளுக்கொரு தனி ஆகாய விமானத்தில்!

நிற்க, அப்படியானால் எல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்கிறீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. மோட்டார்த் தொழிற்சாலை மூடினால் முதலாளி பட்டினி கிடக்கப் போவதில்லை. கூலிக்காரனும், அவனுக்கு அரிசி பருப்பு கடன் கொடுத்த கடைக்காரனுமே கிடப்பார்கள். ஆகையால் தொழிலைக் காப்பாற்ற வேண்டியதுதான். ஜெனரல் மோட்டார்ஸில் சர்க்கார் சுமார் 4,950 கோடி டாலர் போட்டு, 2009-ல் கம்பெனியில் நூற்றுக்கு 60 பங்கு எடுத்துக்கொண்டது. பழைய பங்குக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இது நியாயம். 2013-ல் கடைசிப் பங்கையும் விற்றபோது 1,000 கோடிக்கு மேல் நஷ்டம் என்கிறார்கள். இருக்கட்டும், வேலை பிழைத்தது.

ஏ.ஐ.ஜி.யில் போட்டது 2012-க்குள் லாபத்தோடு திரும்பிவிட்டது, பின் என்ன குறை என்பார்கள். வாஸ்தவம். ஆனால் நாம் கேட்பது வேறு. கஷ்டத்தை யார் தலையில் வைத்தார்கள்?

அந்த ஏ.ஐ.ஜி.யில் நஷ்டத்தை உண்டாக்கிய இலாகா உத்தியோகஸ்தர்களுக்கே 2009 மார்ச்சில் 16.5 கோடி டாலர் போனஸ் கொடுத்தார்கள். ஏனென்று கேட்டதற்கு, அது முன்பே செய்த ஒப்பந்தம், ஒப்பந்தத்தை மீறச் சட்டம் இடந்தராது என்றார்கள். ஜனங்கள் கூச்சலிட்ட பிறகு சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். ஏ.ஐ.ஜி. தரவேண்டிய பாக்கிக்காக மற்றப் பாங்கிகளுக்கு ஒரு காசு தள்ளுபடியில்லாமல் முழுத்தொகையும் போய்ச் சேர்ந்தது.

மோட்டார்த் தொழிலாளிக்கும் ஒப்பந்தம் இருந்தது, தோழர்களே! சங்கம் வைத்து, வேலைநிறுத்தம் செய்து, வருஷக்கணக்கில் சம்பாதித்த ஒப்பந்தம். அதை மாற்றினால்தான் கடன் என்று சர்க்காரே நிபந்தனை போட்டது. விலைவாசிக்கேற்ற உயர்வு நின்றது. போனஸ் நின்றது. ஓய்வுபெற்ற கிழவர்களின் வைத்தியச் செலவுக்குக் கம்பெனி ரொக்கமாகத் தரவேண்டியதில் பெரும்பகுதிக்குப் பங்குப் பத்திரத்தை நீட்டினார்கள். சங்கமும் வேறு வழியின்றி இணங்கிற்று. 2015 வரையில் வேலைநிறுத்தம் செய்வதில்லை என்றும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.