வையைக் கரையில் நம் பங்கு



பத்தாண்டு நிறைவு விழாவில் 'ஆறும் கவிதையும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு பணித்தீர்கள். 'ஆறு' என்னும் சொல் நீரோட்டத்தைக் குறிக்கும், வழியையும் குறிக்கும். இரு பொருளையும் இணைத்து, ஆற்றின் வழியே நடப்பதைப் பற்றிப் பேச விழைகிறேன்.

பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டது என்றும், அவற்றுள் 26 வையைக்கு உரியவை என்றும் பழைய வெண்பா ஒன்று கணக்குச் சொல்கிறது. இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் வையைக்கு உரியவை எட்டே. 1918இல் உ.வே.சா. அவர்கள் பதிப்பித்ததால் இவை நம் கைக்கு வந்தன. பெயர்த்தெழுதுவோர் இல்லாதபோது ஏடு மறைகிறது. ஏட்டோடு பாட்டும் மறைகிறது.

எஞ்சிய பாடல்களில் நாம் காண்பது என்ன? புதுப்புனல் வந்தது என்று கேட்டதும் ஊரே திரண்டு கரைக்குச் செல்கிறது. தனியொருவர் நின்று ஏங்கும் ஆறன்று அது. நம் காலக் கவிதையிலோ வையை பெரும்பாலும் இரங்கற்பொருளாகவே வருகிறது. வறட்சி இருக்கிறது, மணல் இருக்கிறது, ஒரு படித்துறையின் பெயர்கூட இல்லை. பெயர் இல்லாத ஆறு எந்த ஊர் ஆறாகவும் இருக்கலாம் அல்லவா?

இவ்வெண்ணத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கணவர், பிள்ளைகள் இருவர், மாமியார் ஆகியோருடன் ஆரப்பாளையம் புட்டுத்தோப்பிலிருந்து யானைக்கல் வரை தென்கரையில் நடந்தேன். ஆவணி மூலத்தில் சொக்கநாதர் எழுந்தருளும் புட்டுத்தோப்பில் வந்தியின் கதையைப் பிள்ளைகளுக்கு மாமியார் சொன்னார். வெள்ளம் கரையை உடைத்தபோது குடிக்கு ஒரு பங்கு கரையை அடைக்குமாறு பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத கிழவிக்குக் கூலியாளாக இறைவனே வந்தான்; பிட்டைக் கூலியாகப் பெற்றான்; உண்டு உறங்கிப் பிரம்படியும் பட்டான்.

யானைக்கல்லில் அப்பெயருக்குக் காரணமான கல் யானையைப் பிள்ளைகள் கண்டார்கள். விக்டோரியா அரசியாரின் பேரன் பெயரால் 1889இல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தை ஊரார் 'ஏ.வி. பாலம்' என்று சுருக்கிக்கொண்டதை அறிந்தார்கள். எதிர்க்கரைக் கோரிப்பாளையத்தின் பெயரில் கல்லறையைக் குறிக்கும் 'கோர்' என்னும் பாரசீகச் சொல் தங்கியிருப்பதை என் கணவர் விளக்கினார். வடகரையிலுள்ள ஆப்புடையார் கோயில் சம்பந்தர் பாடிய தலம். ஒரு காலை நடைக்குள் இத்தனை நூற்றாண்டுகள் எதிர்ப்பட்டன.

அன்று நான் கற்றது வேறொன்று. "ஆத்துல தண்ணி இல்லாதப்ப என்ன குடிச்சீங்க அப்பத்தா?" என்று மகன் கேட்டான். "இல்லைன்னு யாருய்யா சொன்னா? மணலுக்குக் கீழே படுத்திருக்கும். தோண்டுனா ஊறும். செரட்டையால மோந்து குடத்துல ஊத்துவோம்" என்றார் மாமியார். குண்டோதரனின் தாகம் தீர இறைவன் 'வை கை' என்றதாகத் திருவிளையாடல் கூறும். அப்பெயர்க்காரணம் புராணக் கற்பனை என்றே வகுப்பில் சொல்லிவருகிறோம். மணலில் கை வைத்தால் நீர் வரும் ஆற்றங்கரையில் வாழ்ந்த மக்களுக்கு அது அன்றாட அனுபவம்.

மணல் அள்ளப்பட்ட இடங்களில் அந்த ஊற்று இன்று இல்லை. 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தபின் மதுரைக்குப் புதுப்புனல் என்பது மழையின் செய்தி மட்டுமன்று, மதகின் செய்தியுமாயிற்று. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கும் அணையிலிருந்தே நீர் திறந்துவிடப்படுகிறது. இம்மாற்றத்தை ஆவணங்கள் குறித்து வைத்திருக்கின்றன. 'படுத்திருக்கும் நீர்' என்னும் சொல்வழக்கை எந்த ஆவணமும் குறிக்கவில்லை. அது முதியோர் நாவில் மட்டும் வாழ்கிறது, அவர்களோடு போய்விடும்.

ஆகவே கவிஞர் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டில் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் கரையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ள வேண்டும். தனியே செல்ல வேண்டா. வீட்டு முதியோர் ஒருவரையும் குழந்தை ஒன்றையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்வியைக் குழந்தை கேட்கட்டும். படித்துறை, கிணறு, மண்டபம், மரம் ஆகியவற்றின் பெயர்களையும், அங்கு வழங்கும் சொற்களையும் சொன்னவர் பெயரோடும் நாளோடும் எழுதுங்கள். பரிபாடலைத் தொகுத்தோர் பாடியவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றையும் பாட்டின் இறுதியில் குறித்தார்கள். அந்த ஒழுங்கு நமக்கும் வேண்டும். கவிதை பிறகு வரட்டும். வராவிடினும் குறிப்பேடு எஞ்சும்.

வந்தியின் பங்கு அடைபடாமல் கிடந்தபோது விழுந்த பிரம்படி அரசன் முதுகிலும் பட்டது. எல்லா உயிர்கள்மீதும் பட்டது. ஒருவர் பங்குக் கரை உடைந்தால் வெள்ளம் ஊர் முழுவதற்கும்தான். மொழிக்கும் அப்படியே.