பிரபுவின் பழியும் அடிமையின் வழியும்

2000ஆம் ஆண்டு ரிட்லி ஸ்காட் எடுத்த 'கிளாடியேட்டர்' படத்தின் கதை இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் பெற்ற மகனைவிட அதிகமாக நம்பிய தளபதி மேக்சிமஸ். மகன் கொமோடஸ் அரியணை ஏறியதும் அந்தத் தளபதியைக் கொல்ல உத்தரவிடுகிறான். அவனுடைய மனைவியையும் பிள்ளையையும் கொன்றுவிடுகிறான். தப்பிய தளபதி அடிமை வியாபாரிகளிடம் சிக்கி, கிளாடியேட்டராக விலைபோய், கோதா வழியாகவே ரோமுக்கு வந்து, அந்த மணலிலேயே பேரரசனைக் கொன்று பழி தீர்க்கிறான். படத்துக்கு ஐந்து ஆஸ்கார். 2024இல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் அடிமைச் சங்கிலியோடு வருகிறவன் மார்க்கஸ் அவுரேலியஸின் பேரன். 1880இல் லூ வாலஸ் எழுதிய 'பென்-ஹர்' நாவலில் யூதப் பிரபு குலத்து இளைஞன் ஒருவன் கப்பலில் துடுப்புப் போடும் அடிமையாகித் தேர்ப்பந்தயத்தில் கணக்குத் தீர்க்கிறான். அவ்வளவு தூரம் போவானேன்? 1969இல் வந்த நம் 'அடிமைப் பெண்' படத்தில் சிறையில் வளர்கிற எம்.ஜி.ஆரும் ஓர் இளவரசன்தான். விலங்கு பூட்டியவன் மேல் நமக்கு இரக்கம் வரவேண்டுமானால், அவன் விலங்கு பூட்டப்படுவதற்கு முன் குதிரையில் போனவனாக இருக்கவேண்டும் என்று கதை சொல்கிறவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அடிமைத்தனத்தை எதிர்க்கிற கதை என்று நாம் கைதட்டி வரவேற்கும் இந்தக் கதை, ஆள் மாறி அடிமையானதை மட்டுமே எதிர்க்கிறது என்பது என் வாதம். உண்மையான கிளாடியேட்டர்கள் கேட்டது வேறு ஒன்று என்பதற்கு ரோமானியரே சாட்சி எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பிரபுக்கள் கோதாவில் இறங்கியதே இல்லையா என்றால், இறங்கினார்கள். சில பேரரசர்கள் வக்கிரத்துக்காகச் சிலரை இறக்கியதும் உண்டு. ஆனால் செனட்டுக்குத் தலைவலியாக இருந்தது தாமாகவே இறங்கத் துடித்த பிரபு வீட்டுப் பிள்ளைகள்தான். கி.பி. 19இல் செனட் போட்ட தீர்மானம் ஒன்று இத்தாலியின் லாரினோ ஊரில் கிடைத்த வெண்கலப் பட்டயத்தில் இருக்கிறது. செனட்டர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மேடையில் நடிக்கக் கூடாது, கோதாவில் சண்டையிடக் கூடாது என்பது அதன் சாரம். யாரும் செய்யாத காரியத்தை எந்த அரசாவது சட்டம் போட்டுத் தடுக்குமா? அந்தக் கொமோடஸும் படத்தில் வருவதுபோல ஒரே ஒரு நாள் கோதாவில் சண்டையிட்டவனில்லை. அங்கேயே பழியாகக் கிடந்தவன். ஒவ்வொரு நாள் சண்டைக்கும் பத்து லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கிளாடியேட்டர் ஆட்டநிதியிலிருந்து எடுத்துக்கொண்டான் என்று எழுதுகிறார் காசியஸ் டியோ. இவர் கேள்விப்பட்டதை எழுதியவர் அல்லர். செனட்டராக முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர். ஒருநாள் கொமோடஸ் ஒரு தீக்கோழியின் தலையைச் சீவி, இடது கையில் அந்தத் தலையும் வலது கையில் ரத்தம் சொட்டும் வாளுமாகச் செனட்டர்கள் முன்னால் வந்து, ஒன்றும் பேசாமல் பல்லை இளித்துத் தலையை ஆட்டினான். அடுத்தது நீங்கள்தான் என்று பொருள். டியோவுக்குப் பயத்தைவிடச் சிரிப்பு முந்திக்கொண்டது. சிரித்தால் உயிர் போகும். தம் தலைமாலையிலிருந்து லாரெல் இலைகளைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார். பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். கோதாவில் நின்ற உண்மையான பிரபுவின் லட்சணம் இது. 192ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றது நார்சிஸஸ் என்ற மல்யுத்த வீரன். அரண்மனைக்குள் இருந்தவர்களே போட்ட சதி அது. பழிவாங்க வந்த தளபதி யாரும் அங்கே இல்லை.

இதைவிட முக்கியமான சாட்சி சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. சுதந்திரக் குடிமகன் ஒருவனைக் கொள்ளைக்காரர்களோ கடற்கொள்ளையரோ பிடித்துப்போனால், ரோமானியச் சட்டத்தின் கண்ணில் அவன் அடிமையே அல்லன். எங்கே விற்கப்பட்டாலும் சுதந்திரன்தான். பகைநாட்டார் போரில் பிடித்துப்போனால்கூட, எல்லையைத் தாண்டித் திரும்பி வந்த உடனே பழைய உரிமைகள் அவனிடம் வந்து சேர்ந்துவிடும். இனி மறுபக்கம் பாருங்கள். கி.பி. 4இல் வந்த ஏலியா சென்டியா சட்டம், தண்டனையாகக் கிளாடியேட்டர் கொட்டடியில் தள்ளப்பட்ட அடிமையைப் பற்றிப் பேசுகிறது. பிற்பாடு எசமானனே மனமுவந்து விடுதலை கொடுத்தாலும் அவன் ஒருநாளும் குடிமகன் ஆக முடியாது. ரோம் நகரிலிருந்து நூறு மைல் தொலைவுக்குள் குடியிருக்கவும் கூடாது. ஆக, மேக்சிமஸுக்கு நேர்ந்தது அநீதி என்று ரோமே ஒப்புக்கொள்ளும். அதைச் சரிசெய்யச் சட்டமும் வைத்திருந்தது. அந்தக் கதையைப் பார்த்திருந்தால் ரோமானியப் பிரபுவும் நம்மைப்போலவே கைதட்டியிருப்பான். அவனுடைய வீட்டுச் சமையற்கட்டில் நின்ற அடிமையை அந்தக் கதை ஓர் அங்குலம்கூட நகர்த்தவில்லையே!

சரி, அடிமைகள் என்ன செய்தார்கள்? கி.மு. 73, காப்புவா நகரம். லென்டுலஸ் பத்தியாத்தஸ் என்பவன் நடத்திய கொட்டடி. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் கால் (Gaul) நாட்டாரும் திரேஸ் (Thrace) நாட்டாரும். குற்றம் செய்து வந்தவர்கள் இல்லை, வாங்கியவனின் அநியாயத்தால் அடைபட்டவர்கள் என்று கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க்கே சொல்லிவிடுகிறார். இருநூறு பேர் தப்பத் திட்டமிட்டார்கள், விஷயம் கசிந்துவிட்டது, முந்திக்கொண்ட 78 பேர் சமையற்கட்டுக்குள் புகுந்து வெட்டுக்கத்திகளையும் இறைச்சி வாட்டும் கம்பிகளையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். வழியில் கிளாடியேட்டர் ஆயுதங்களை ஏற்றிப்போன வண்டிகள் மாட்டின, அள்ளிக்கொண்டார்கள். துரத்தி வந்த படையை அடித்ததும் உண்மையான போர் ஆயுதங்கள் கைக்கு வந்தன. அந்த நிமிடமே கிளாடியேட்டர் ஆயுதங்களை இழிவு என்று சொல்லித் தூக்கி எறிந்தார்கள். இந்த ஒரு செய்தியில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். திரைப்படத்து நாயகனுக்குக் கோதா என்பது பழிவாங்க வாய்த்த மேடை. கூட்டத்தின் ஆரவாரம் அவனுடைய பலம். கோதாவில் உண்மையாகவே நின்றவர்களுக்கு அந்த வாள் கையில் இருப்பதே அருவருப்பு. கீழே போட ஒரு தருணம் கிடைத்ததும் போட்டுவிட்டார்கள்.

அடுத்து வெசூவியஸ் மலை. இறங்குவதற்கு ஒரே ஒரு குறுகிய வழி. அதை 3,000 பேரோடு மறித்து உட்கார்ந்தான் ரோமானியத் தளபதி கிளாபர். பட்டினி போட்டால் தானாக இறங்கி வருவார்கள் என்பது அவன் கணக்கு. மலை உச்சியில் காட்டுத் திராட்சைக் கொடி மண்டிக் கிடந்தது. அதை வெட்டி முறுக்கி ஏணி பின்னி, செங்குத்துப் பாறைப் பக்கமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆயுதத்தோடு இறங்க முடியாது. எனவே ஒருவன் மட்டும் மேலேயே நின்று, எல்லோருடைய ஆயுதங்களையும் கீழே இறக்கிக் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாகத் தான் இறங்கினான். புளுட்டார்க் இவ்வளவையும் விவரமாக எழுதுகிறார். அவன் பெயரை எழுதவில்லை. முதுகுப்பக்கம் வந்து விழுந்த அடியில் கிளாபரின் முகாம் சிதறியது. அதற்குப் பிறகு மாடு மேய்த்தவர்கள், ஆடு மேய்த்தவர்கள், வயலில் கூலி வேலை செய்த சுதந்திர மனிதர்கள்கூட வந்து சேர்ந்தார்கள். கொள்ளையில் கிடைத்ததை அவர்களின் தலைவனான திரேஸ்காரன் ஸ்பார்ட்டகஸ் சரிசமமாகப் பங்கிட்டான். பொன்னும் வெள்ளியும் கொண்டுவரக் கூடாது என்று வியாபாரிகளைத் தடுத்து, இரும்பும் செம்பும் மட்டும் வாங்கினான் என்கிறார் வரலாற்றாசிரியர் அப்பியன். படையை அவன் நடத்திய திசை வடக்கு. ஆல்ப்ஸ் மலையைக் கடந்து அவரவர் ஊருக்குப் போய்விட வேண்டும், கால் நாட்டான் காலுக்கு, திரேஸ்காரன் திரேஸுக்கு. பழி தீர்ப்பது நோக்கமாக இருந்தால் ரோம் இருக்கும் திசையை விட்டு வீடு இருக்கும் திசைக்கு எவன் நடப்பான்?

இந்த இடத்தில் ஒரு மறுப்பு வரும். ஸ்பார்ட்டகஸே ஒரு பிரபுவாக இருந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1902இல் இலக்கிய நோபல் பெற்ற வரலாற்றாசிரியர் தியோடர் மொம்சன், அவன் ஸ்பார்ட்டோகிட் என்ற அரச குலத்தின் வாரிசாக இருக்கலாம் என்று ஊகித்தார். பெயர் ஒற்றுமை ஒன்றுதான் அந்த ஊகத்தைத் தாங்குகிறது. ரோமானிய எழுத்தாளர்கள் சொல்வதோ, முன்பு ரோமானியப் படையில் பணியாற்றியவன், பிறகு கைதாகி விற்கப்பட்டவன் என்பதுதான். புளுட்டார்க்கும் சும்மா இருக்கவில்லை. அறிவிலும் பண்பிலும் இவன் திரேஸ்காரனைவிடக் கிரேக்கனைப் போன்றவன் என்று ஒரு சான்றிதழ் வழங்குகிறார். மொம்சனும் புளுட்டார்க்கும் ஸ்பார்ட்டகஸை மதித்தவர்கள்தான். மதித்ததால்தான் அவனை மேலே தூக்கிவைக்க நினைத்தார்கள். ஓர் அடிமை ரோமின் இரண்டு கான்சல்களையும் தோற்கடித்தான் என்பதை அப்படியே விழுங்க முடியாதபோது, அவன் உடம்பில் கொஞ்சம் ராஜ ரத்தமோ கிரேக்கப் பண்போ கலந்தால் ஜீரணமாகிறது. நம் சினிமாக்காரர்கள் செய்வதை அவர்கள் அடக்கமாகச் செய்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. ஸ்பார்ட்டகஸ் பழிவாங்கவே இல்லையா? வாங்கினான். தோழன் கிரிக்ஸஸ் கார்கானஸ் மலையருகே தோற்று இறந்தபோது, அவன் ஆவிக்காக ரோமானியக் கைதிகள் 300 பேரைப் பலியிட்டான். ரோமானியக் கைதிகளையே கிளாடியேட்டர்களாக்கிச் சவச்சடங்கில் மோதவிட்டான் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆல்ப்ஸுக்கு வழி திறந்த பிறகும் படை திரும்பி இத்தாலியைச் சூறையாடத் தெற்கே வந்தது. பழி, கொள்ளை, வெறி எல்லாம் அங்கே இருந்தன. விலங்கு பூட்டப்பட்டவர்கள் விலங்கு கழன்றதும் சாதுக்களாகிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது விலங்கு பூட்டாதவர்களின் சொகுசு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படை தெற்கே திரும்பியது தலைவன் சொல்லை மீறி என்பது புளுட்டார்க்கின் சாட்சியம்; தோற்றதும் அந்தத் திருப்பத்துக்குப் பிறகுதான். கி.மு. 71இல் ரோமானியத் தளபதி கிராசஸ் அவர்களை முடித்தான். பிடிபட்ட 6,000 பேரைக் காப்புவாவிலிருந்து ரோம் வரை நெடுஞ்சாலை ஓரமாகச் சிலுவையில் அறைந்தான். ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம். கணக்குப் போட்டால் முப்பது, நாற்பது மீட்டருக்கு ஒரு மனிதன். ஸ்பார்ட்டகஸின் உடல் கிடைக்கவேயில்லை. பழியில் யார் கைதேர்ந்தவர்கள் என்ற போட்டி வைத்தால், அடிமை எந்தக் காலத்திலும் எசமானனை வெல்லப்போவதில்லை.

மூன்றாவதாக, இது சினிமா ஐயா, சாமானியனை வைத்து எடுத்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பார்கள். பார்த்தார்களே! 1960இல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கத்தில் கிர்க் டக்ளஸ் நடித்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் நாயகன் பிறவியிலேயே அடிமை, சுரங்கத்தில் கல் சுமந்தவன். உலகமே பார்த்தது. அதன் மூலக்கதையை எழுதிய ஹோவர்ட் ஃபாஸ்ட், அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்ட பெயர்களைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போனவர். பதிப்பகங்கள் கைவிரித்ததால் 1951இல் நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். திரைக்கதை எழுதிய டால்டன் ட்ரம்போ கறுப்புப் பட்டியலில் இருந்தவர். அடிமையாகவே பிறந்தவனை நாயகனாக்கத் துணிந்தவர்கள், தாங்களும் அடிபட்டவர்களாக இருந்தார்கள். கதைக்குத் தேவை பிரபு இல்லை என்பதற்கு இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?

பழிவாங்க வாளும் இல்லாமல், படை திரட்ட வழியும் இல்லாமல் போனவர்களின் சாட்சியமும் நம்மிடம் இருக்கிறது. விலங்குகளோடு மோதவிடப் பழக்கப்பட்ட ஒரு ஜெர்மானியனைப் பற்றி ரோமானியத் தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில் எழுதுகிறார். காவல் இல்லாமல் அவன் தனியாகப் போக முடிந்த ஒரே இடம் கழிப்பிடம். அங்கே துடைப்பதற்கு வைத்திருந்த, முனையில் கடற்பஞ்சு கட்டிய குச்சியைத் தொண்டைக்குள் திணித்து மூச்சை நிறுத்திக்கொண்டான். இன்னொருவன், காட்சிக்கு ஏற்றிப்போன வண்டியில் தூங்கி விழுவதுபோல் தலையைத் தாழ்த்தி, ஓடுகிற சக்கரத்தின் ஆரக்கால்களுக்குள் கழுத்தைக் கொடுத்தான். முந்நூறு ஆண்டுகள் கழித்து, சிம்மாக்கஸ் என்ற பிரபு தன் மகன் நடத்தும் விளையாட்டுக்காக வரவழைத்த சாக்சன் கைதிகளில் 29 பேர், கோதாவுக்குப் போகவேண்டிய நாளில் வெறுங்கையால் கழுத்தை நெரித்துக்கொண்டு செத்தார்கள். சிம்மாக்கஸ் கடிதத்தில் வருத்தப்படுகிறார். காட்சி கெட்டுப்போனதே என்று. இவர்கள் யாரும் எந்தப் பேரரசன் மேலும் பழி தீர்க்கவில்லை. அந்த விளையாட்டில் என் உடம்பு உனக்குக் கிடையாது என்றார்கள்.

ரோமுக்கு எது பயம் தந்தது என்பதையும் பார்த்துவிடலாம். கி.பி. 64இல் பிரேனெஸ்டே நகரத்துக் கிளாடியேட்டர்கள் கொட்டடியை உடைத்து வெளியேற முயன்றார்கள். காவலுக்கு இருந்த சிப்பாய்கள் உடனே அடக்கிவிட்டார்கள், சின்னச் சம்பவம். அதற்குள் ரோமில் சனங்கள் ஸ்பார்ட்டகஸ் பெயரைப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். அவன் செத்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஜூலியஸ் சீசரைச் செனட்டர்கள் குத்திக் கொன்றார்கள், கலிகுலாவை அவனுடைய காவலர்களே வெட்டினார்கள். பிரபு பிரபுவைப் பழிவாங்குவது ரோமுக்குப் பழகிப்போன சங்கதி. கொட்டடிக் கதவு ஒன்று அசைந்த சத்தம்தான் அவர்களைத் தூக்கத்தில் எழுப்பியது.