தாயின் கட்டிலருகே ஒரு தொட்டில்



பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியில் பேச வந்தால் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொட்டில். பிள்ளைகள் ஐந்து வயது நிரம்பிய பின்னரே எம்மிடம் வந்து சேருகின்றனர். அவர்களை எம் வாசல் வரை பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பது வீட்டாரின் கடன். அந்த ஐந்து ஆண்டுகளுள்ளும் முதல் ஆறு மாதங்களே மிகுந்த கவனம் வேண்டுபவை. பிள்ளை படிப்பதற்கு முன்னர் பிழைக்க வேண்டுமல்லவா?

நான் கலைப் பட்டதாரி, வைத்தியன் அல்லன். இன்று கூறப்போகிறவற்றுள் ஒரு பகுதி வைத்தியர்களிடமும் எம் பகுதிக் குடும்பநல மாதுவிடமும் கேட்டறிந்தது. மற்றொரு பகுதி என் சொந்தத் தவற்றினால் கற்றது.

எங்கள் கல்முனைக் கரையில், மருதமுனை முதல் சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களில், மணமான பெண் தாய்வீட்டை விட்டு அகலுவதில்லை; மாப்பிள்ளையே பெண்வீட்டுக்கு வருவார். ஆகையால் பிள்ளை பிறந்த வீட்டில் தாயும், தாயின் தாயும், சில வேளைகளில் அவருடைய தாயும் ஒரே கூரையின் கீழ் இருப்பர். நாற்பது நாள் வரை தாயையும் சேயையும் கவனிக்க ஆள் குறைவில்லை. முன்னாளில் கூரை வளையில் கயிறு கட்டி, பழகிய பருத்திச் சேலையால் ஏணை கட்டுவார்கள். மூத்தம்மா அதை ஆட்டியபடியே ராகமிழுப்பார். நானும் அத்தகைய ஏணையில் வளர்ந்தவனே.

இப்பொழுது வீடுகள் மாறிவிட்டன. கொங்கிறீற்றுத் தட்டு வைத்த வீட்டில் கயிறு கட்ட வளை ஏது? கட்டாரிலும் சவூதியிலும் தொழில் புரியும் பிள்ளைகள் அனுப்பும் பொதிகளில் புதுவகைத் தொட்டில்கள் வந்திறங்குகின்றன. அவற்றுள் ஒன்றுதான் பக்கத் தொட்டில். அதன் மூன்று பக்கங்கள் உயர்ந்திருக்கும். தாயின் கட்டிலை நோக்கிய நாலாவது பக்கத்தைத் தாழ்த்தலாம். கட்டிலோடு ஒட்டி நிறுத்தினால், தாய் எழுந்து நடவாமலே கைநீட்டிப் பிள்ளையை எடுத்துப் பாலூட்டி, மீண்டும் அதனிடத்தில் கிடத்தலாம். பிரசவத்தின் களைப்பும் சத்திரசிகிச்சையின் நோவும் உள்ள தாய்க்கு இது பெரிய உதவி.

என் மகளுக்குத் தலைப்பிள்ளை பிறந்தபோது மருமகன் அத்தகைய தொட்டிலொன்றை அனுப்பிவைத்தார். அதைப் பூட்டும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பூட்டி முடித்தபின் பெட்டிக்குள் இரண்டு நீண்ட வார்கள் எஞ்சிக் கிடந்தன. பொதி கட்டிய வார்கள் போலும் என்றெண்ணி ஒதுக்கி வைத்தேன். கூடவந்த சிறு புத்தகத்தை நான் திறந்தும் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு, 'வினாவை வாசித்தபின் விடை எழுதுங்கள்' என்று முப்பது ஆண்டுகளாக ஓதி வருபவன் நான்!

தொட்டில் கட்டிலோடு ஒட்டித்தான் நின்றது. ஆயினும் மகள் இரவில் எழும்போதும் திரும்பும்போதும் அது சிறிது சிறிதாக விலகியிருக்கிறது. அதை எவரும் கவனிக்கவில்லை. பிள்ளைக்கு இரண்டரை மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் சுபஹுத் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும் வேளையில் மகள் விழித்துக் கையை நீட்டினாள். தொட்டில் வெறுமையாக இருந்தது. பாலூட்டியவாறே உறங்கிவிட்ட அவள் பக்கத்திலிருந்து பிள்ளை, கட்டிலுக்கும் தொட்டிலுக்கும் இடையே விழுந்திருந்த நான்கு விரல் இடைவெளிக்குள் இறங்கி, மார்பளவில் சிக்கி, முகம் மெத்தையின் ஓரத்தில் அழுந்தக் கிடந்தது. அழுகை வெளிவரவில்லை. தூக்கியெடுத்தபோது உதடுகள் கறுத்திருந்தன. வைத்தியசாலைக்கு ஓடினோம். இறைவன் அருளால் பிள்ளை பிழைத்தது.

மறுநாள் குடும்பநல மாது வீட்டுக்கு வந்தார். அறையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்த இரண்டு வார்களையும் எடுத்துக் காட்டி, "இவை எதற்கென்று தெரியுமா, சேர்? தொட்டிலைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டுவதற்கு" என்றார். நான் தலைகுனிந்தேன். அதன் பின்னர்தான் அந்தப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தேன். அவரிடம் வினவி அறியவேண்டியவற்றையும் அறிந்தேன். அவற்றை இனி முறையாகக் கூறுகிறேன்.

முதலில் காரணத்தை அறிவோம். கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடும்போது பெரியது, கழுத்து வலுவற்றது. முகம் ஒன்றில் புதைந்தால் அதை விலக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. மென்மையான மெத்தையிலோ துணியிலோ மூக்கு அழுந்தும்போது, தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்வாங்குகிறது, உயிர்க்காற்று குறைகிறது. முகவாய் நெஞ்சிற் படியுமாறு உடல் வளைந்தாலும் மெல்லிய மூச்சுக்குழல் மடிந்து அடைபடும். இவ்விதமாகவும், காரணம் புலப்படாத வகையிலும், உறக்கத்தில் நேரும் இறப்புகளிற் பெரும்பாலானவை முதல் ஆறு மாதங்களுக்குள் நேர்கின்றன. இரண்டாம் மாதம் முதல் நான்காம் மாதம் வரை அபாயம் மிகுதி.

ஆகவே முதல் விதி, பிள்ளையை ஒவ்வொரு உறக்கத்துக்கும் மல்லாக்கக் கிடத்துவதாகும். 'பால் கக்கினால் புரையேறாதா?' என்று மூத்தம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் அமைகின்றன. கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழலுள் புகுவது அரிது. குப்புறக் கிடக்கும்போதோ இந்நிலை தலைகீழாகிறது. மேனாட்டாரும் இதில் ஒருகாலம் தவறினர். புகழ்பெற்ற அமெரிக்கக் குழந்தை வைத்தியர் பெஞ்சமின் ஸ்பொக்கின் நூல் 1950களின் பிற்பகுதியிலிருந்து குப்புறக் கிடத்துமாறு கூறிவந்தது. பின்னர் ஆராய்ச்சிகள் உண்மையைக் காட்டின. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் மல்லாக்கக் கிடத்தும் இயக்கம் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அத்தகைய இறப்புகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. மருந்தில்லை, ஊசியில்லை, கிடத்தும் முறை மாறியது, அவ்வளவே.

இரண்டாவது விதி, பிள்ளை தாயின் அறையிலேயே, ஆனால் தனக்கென அமைந்த படுக்கையில் உறங்குவதாகும். அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2022இல் வெளியிட்ட அறிவுரையிலும் குறைந்தது ஆறு மாதங்கள் இவ்வாறிருக்குமாறு கூறியுள்ளது. பக்கத் தொட்டிலின் பயன் இங்கேதான் விளங்குகிறது. தாயின் மூச்சு கேட்கும் தூரம். ஆனால் தாயின் உடல் அழுத்தாத இடம்.

இனித் தொட்டிலைத் தேர்வு செய்யும் முறை. பாயும் மெத்தையும் தட்டையாகவும் இறுக்கமாகவும் இருத்தல் வேண்டும். கையால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கலாகாது. இலவம் பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம். பச்சிளம் பிள்ளைக்குப் பகை. மெத்தை தொட்டிலின் அளவுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல்கள் நுழையுமாயின் அது பொருந்தாத மெத்தை. கம்பிகள் உள்ள தொட்டிலாயின், கம்பிகளுக்கிடையே ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருத்தல் ஆகாது. உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும். எங்களூர் ஓடாவியாரிடம் முதிரையிலோ தேக்கிலோ செய்விப்பவர்கள் இந்த அளவை அவரிடம் எழுதியே கொடுக்க வேண்டும். கூரிய மூலையும், உரியும் வர்ணமும் வேண்டாம்.

பக்கத் தொட்டிலுக்கென்றே சில அளவுகள் உண்டு. தாழ்த்திய பக்கம் முற்றாக இல்லாதொழிதல் கூடாது. பிள்ளை பெரியவர்களின் கட்டிலுக்கு உருண்டு வராதபடி ஒரு தடுப்பு நிற்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமம் தொட்டில் மெத்தைக்கு மேல் குறைந்தது 12 சென்ரிமீற்றர் தடுப்பைக் கேட்கிறது. அத்தடுப்பின் விளிம்பு தாயின் மெத்தைக்குக் கீழே போய்விடலாகாது. ஆகையால் வாங்குமுன் கட்டிலின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். எம் முன்னோர் சீதனமாகக் கொடுத்த உயர்ந்த கட்டில்களுக்கு எல்லாத் தொட்டில்களும் பொருந்தா. பொருந்தாதவிடத்து நாலாவது பக்கத்தையும் உயர்த்திப் பூட்டி, தனித் தொட்டிலாகக் கட்டிலருகே வைத்துக்கொள்ளலாம். அதில் இழுக்கொன்றுமில்லை.

ஒருவர் பயன்படுத்திய தொட்டிலை மற்றவர் பெறுவது எம்மிடையே உள்ள நல்ல பழக்கம். ஆயினும் ஆணி, திருகாணி, வார், புத்தகம் ஆகிய அனைத்தும் உடன் வந்தனவா என்று பாருங்கள். மேலும் கீழும் சறுக்கும் பக்கமுடைய பழைய பெருந்தொட்டில்களை அமெரிக்கா 2011இல் தடைசெய்துவிட்டது. பக்கம் கழன்று பிள்ளைகள் இறந்தமையே அதற்குக் காரணம். அத்தகையவற்றை வாங்க வேண்டாம்.

பயன்படுத்தும் முறை இதனினும் முக்கியமானது. வார்களால் தொட்டிலைக் கட்டிலோடு இறுக்கிக் கட்டுங்கள். இரவுதோறும் படுக்குமுன் கையை வைத்துப் பாருங்கள். இடைவெளி தோன்றியிருந்தால் மீண்டும் இறுக்குங்கள். அவ்விடைவெளியைத் தலையணையாலோ சுருட்டிய துணியாலோ அடைக்க வேண்டாம். அடைத்த பொருளே மூச்சை அடைக்கும். தொட்டிலுக்குள் தலையணை, தடித்த போர்வை, பொம்மை, ஓரத்தில் கட்டும் பஞ்சுத் திரை எதுவும் வேண்டாம். தலை வட்டமாக அமைய வேண்டுமென்று சிறு தலையணை வைப்பார்கள். அதற்குப் பதிலாக, பிள்ளை விழித்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பார்த்திருக்கக் குப்புறக் கிடத்தி விளையாட விடுங்கள். தலையும் சீராகும், கழுத்தும் வலுப்பெறும்.

எங்கள் கரையில் கச்சான் வீசும் மாதங்களின் வெப்பம் நீங்கள் அறியாததன்று. அக்காலத்தில் பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் அணிவித்துச் சுற்றிவைப்பது தீங்கு. நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் ஆடையைக் குறையுங்கள். மாரியில் நுளம்பு பெருகும், வலை அவசியமே. ஆனால் அது தொட்டிலின் மேல் இழுத்து நிற்க வேண்டும்; தளர்ந்து பிள்ளையின் முகத்தில் விழலாகாது. யன்னல் திரையின் கயிறு எட்டும் இடத்தில் தொட்டிலை வைக்க வேண்டாம். சாம்பிராணிப் புகையும் சிகரெட் புகையும் அந்த அறைக்கு ஆகா. பிள்ளை கையூன்றி எழும்பவோ புரளவோ தொடங்கியதும், ஏறக்குறைய ஐந்தாறு மாதத்தில், பக்கத் தொட்டிலின் காலம் முடிந்தது என்று அறிந்து, உயர்ந்த பக்கங்களுள்ள தொட்டிலுக்கு மாற்றுங்கள்.

தாய் பாலூட்டும்போது உறங்கிவிடுவது குற்றமன்று, அது இயற்கை. உறக்கம் வருமென்று தோன்றினால் சாய்கதிரையிலோ சோபாவிலோ அமர்ந்து பாலூட்ட வேண்டாம். அவை கட்டிலினும் மிகவும் ஆபத்தானவை. கட்டிலில் தலையணைகளை விலக்கிவிட்டு ஊட்டுங்கள். விழித்தவுடன் பிள்ளையை அதன் இடத்தில் கிடத்துங்கள். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும், எடை 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்கும், உறக்கந்தரும் மருந்து உட்கொண்ட தாய்க்கும், புகைபிடிப்பவர் உறங்கும் படுக்கைக்கும் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தாய்ப்பாலோ இவ்வபாயத்தைக் குறைக்கும் காவல் என்பதை மறவாதீர்கள்.

'அப்படியாயின் ஏணை கூடாதா?' என்று கேட்பீர்கள். ஏணையில் உடல் வளைகிறது. முகவாய் நெஞ்சிற் படிகிறது. துணி முகத்தை மூடுகிறது. சற்று வளர்ந்த பிள்ளைகள் சேலையில் கழுத்துச் சிக்கி இறந்த செய்திகள் தென்னாசியச் சட்டவைத்திய ஏடுகளில் உள்ளன. ஆகவே அழும் பிள்ளையை ஆற்றுவதற்குப் பெரியவர் அருகிலிருந்து சிறிது நேரம் ஆட்டலாம், இராமுழுவதும் உறங்கவிடலாகாது. தொட்டில் வாங்க வசதியில்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. எங்களூர்ப் பெண்கள் இழைக்கும் பன்பாயை இரண்டாக மடித்து, தாயின் பாயருகே தரையில் விரித்தால், தட்டையான, இறுக்கமான, விழுந்துவிட இடமற்ற படுக்கை ஆயிற்று.

நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே இத்தகைய இறப்புகள் மிகுந்திருந்தன. தாயும் பிள்ளையும் ஒருங்கே உறங்குவது அவர்கள் மரபு. அதை விடுங்கள் என்றபோது எவரும் கேட்கவில்லை. வைத்தியர் டேவிட் டிப்பேனே-லீச் என்பார், அவர்களுடைய நெசவுப் பெண்களுடன் சேர்ந்து, நாரினால் முடைந்த வஹாகுரா என்னும் சிறு கூடைப்படுக்கையை அறிமுகஞ் செய்தார். தாயின் படுக்கையிலேயே பிள்ளை தன் கூடைக்குள் தனித்து உறங்கியது. மரபும் பிழைத்தது, பிள்ளைகளும் பிழைத்தனர். மூத்தம்மாவின் அன்பைப் பகைத்து எந்தச் சுகாதாரமும் வேரூன்றாது. அவருடைய கையாலேயே அது நடைபெற வேண்டும்.

நேயர்களே, 1946இல் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளுள் 141 பேர் முதலாண்டு நிறைவெய்துமுன் இறந்தனர். இன்று அத்தொகை பத்துக்கும் கீழே. இதற்கு வீடுவீடாக நடந்த குடும்பநல மாதர்களின் உழைப்பு பெருங்காரணம். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, பிள்ளையின் எடையை மட்டும் பார்த்தனுப்பாமல், அது உறங்கும் இடத்தையும் காட்டுங்கள். தந்தையரும் பாட்டன்மாரும் இதைப் பெண்கள் காரியமென்று ஒதுங்க வேண்டாம். தொட்டிலைப் பூட்டுபவர்கள் பெரும்பாலும் நாமே.

2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து எங்கள் கரையின் எத்தனையோ பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அன்று எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. ஆனால் நான்கு விரல் இடைவெளியை மூட எவராலும் இயலும். இரண்டு வார்களைக் கட்டினால் போதும். இன்றிரவு உறங்குமுன் உங்கள் வீட்டுத் தொட்டிலை ஒருமுறை கைவைத்துப் பாருங்கள்.