வசனம் எங்கே போனது?

ராத்திரி பத்து மணி. வீட்டில் படம் ஓடுகிறது. பேசுவது காதில் விழவில்லை என்று அம்மா சத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். கூட்டிய மறு நிமிடம் சண்டைக் காட்சி. தொட்டிலில் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது.

அம்மாவின் காது மேல் பழி போடாதீர்கள். தியேட்டருக்கான 5.1 ஒலியில் ஆறு தடங்கள். வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால், நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில் வரும். நம் டிவியில் அந்த நடு ஸ்பீக்கர் அநேகமாக இருக்காது. இருப்பவையும் பல டிவிகளில் தரையையோ சுவரையோ பார்த்திருக்கும். ஆறு தடங்களும் டிவியின் இரண்டு ஸ்பீக்கர்களுக்குள் நெருக்கியடிக்கும்போது பேச்சுதான் அமுங்குகிறது.

படத்தின் ஆடியோவில் 5.1-க்குப் பதில் ஸ்டீரியோ இருந்தால் அதற்கு மாற்றுங்கள். டிவி செட்டிங்ஸில் நைட் மோட் இருந்தால் போடுங்கள்; வெடிச்சத்தம் தணியும், முணுமுணுப்பு மேலே வரும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை இன்றைக்கே செய்து கொடுங்கள்.