காக்பிட்டுக்குள் என்ன நிறம்?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படை மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தது. 1963-ல் வந்து சேர்ந்த விமானம், 62 ஆண்டு உழைத்திருக்கிறது. அதன் நினைவாக ஒரு பிளாஸ்டிக் மாடலாவது மேசையில் இருக்கட்டுமே என்று கிட் வாங்குகிறவர்கள், பெட்டியைத் திறந்ததும் எதற்கு முதலில் பெயின்ட் அடிக்க வேண்டும் தெரியுமா? இறக்கைக்கும் வாலுக்கும் அல்ல, உள்ளே விமானி உட்காரும் காக்பிட்டுக்கு. உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டால் அதற்குள் பிரஷ் நுழையாது. ஆகவே இந்தக் கலையில் ஒருவருடைய அக்கறை எவ்வளவு என்பது, பிறர் கண்ணில் எளிதில் படாத இடத்தில்தான் முதலில் தெரிந்துவிடுகிறது.

மிக்-21-ன் பிந்தைய வகைகளுக்குள் எட்டிப் பார்த்தவர்கள் திகைத்துப் போவார்கள். போர் விமானத்துக்குள் கறுப்பும் சாம்பலுமாக இருக்கும் என்று நினைத்தால், ஜவுளிக்கடையில் ராமர் பச்சை என்று எடுத்துப் போடுவார்களே, அதில் கொஞ்சம் வெள்ளை கலந்தாற்போல் ஒரு நீலப்பச்சை. நீண்ட நேரம் பார்த்தாலும் விமானியின் கண்ணுக்கு அலுப்புத் தட்டாது, கறுப்பு முகப்புள்ள மீட்டர்கள் அந்தப் பின்னணியில் பளிச்சென்று தெரியும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு முன் வந்த மிக்-15-ன் உட்புறம் சாம்பல்தான். சோவியத் விமானம் என்றாலே நீலப்பச்சை என்று எல்லாவற்றுக்கும் அதையே அடித்துவிடக் கூடாது.

அந்த மீட்டர் பலகையின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு உண்டு. அழகுக்காகப் போட்டதல்ல. விமானம் தட்டாமாலை சுற்றிக்கொண்டு கீழே விழும்போது விமானிக்குத் திசை புரியாது. கட்டுப்பாட்டுக் கம்பு நடுவில் இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதும் கைக்குத் தெரியாது. அப்போது அந்தக் கோட்டைப் பார்த்துக் கம்பை நேராக முன்னுக்குத் தள்ள வேண்டும். மாடலில் அது நூல் கனம்கூட இருக்காது. ஆனாலும் மிக்-21 செய்தவர் அந்தக் கோட்டை விட்டுவிட்டார் என்றால் அவர் படம் பார்த்துச் செய்யவில்லை என்று சொல்லிவிடலாம்.

சரி, நீலப்பச்சை என்றால் எந்த நீலப்பச்சை? இங்கேதான் சண்டையே. மிக்-21 சோவியத் நாட்டில் கார்க்கி, மாஸ்கோ, திபிலிசி என்று மூன்று இடங்களில் கட்டப்பட்டது. நம் நாட்டிலும் நாசிக்கில் எச்.ஏ.எல். கட்டியது. இத்தனை ஆண்டுகளில் இத்தனை தொழிற்சாலைகளில் கரைத்த பெயின்ட் எல்லாம் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெயில் பட்டு வெளிறியது, பழுது பார்க்கும்போது மேலே பூசியது என்பதையெல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய புகைப்படத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாமே என்பீர்கள். அதிலும் ஒரு வில்லங்கம். அந்தக் காலத்துக் கலர் ஃபிலிம்கள் பலவற்றில், மூன்று சாயங்களுக்குள் முதலில் மங்குவது நீலப்பச்சைச் சாயம். பழைய படங்கள் சிவப்பேறிக் கிடப்பது அதனால்தான். நாம் தேடுகிற நிறமே எந்தச் சாயத்தால் ஆனதோ, அதுவே படத்திலிருந்து முதலில் விடைபெற்றுக்கொள்கிறது. அப்படிப்பட்ட படத்தில் மிக் விமானத்தின் உட்புறம் வெறும் சாம்பலாகத் தெரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். கண்காட்சிக்கு வைத்த விமானத்தை நம்பலாமா என்றால், அதற்கும் இடையில் யாராவது மறுபடி பெயின்ட் அடித்திருப்பார்கள்.

அமெரிக்கர்கள் இந்தத் தலைவலிக்கு எண் கொடுத்து ஒரு வழி செய்தார்கள். 1956-ல் வந்த ஃபெடரல் ஸ்டாண்டர்டு 595 என்ற நிற அட்டவணையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஐந்து இலக்க எண். அமெரிக்க ஜெட் காக்பிட்டுகளில் அதிகம் காணப்படுவது 36231. முதலில் உள்ள 3, பளபளப்பில்லாத மங்கல் பூச்சு என்று சொல்கிறது. அடுத்த 6, சாம்பல் குடும்பம். எஃப்-16-க்கும் ஃபேன்டம் விமானத்தின் பிந்தைய வகைகளுக்கும் இந்தச் சாம்பலை அடித்து, மீட்டர் பலகைக்கும் அதன் மேல்விளிம்புக்கும் கறுப்பு கொடுத்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பிரிட்டனின் ஹன்டர் விமானத்துக்கு உள்ளே கறுப்பு. அதில் பேச அதிகம் ஒன்றுமில்லை.

எண் கிடைத்துவிட்டது, அதே எண்ணுள்ள புட்டி வாங்கிப் பூசினால் போதுமா என்றால், போதாது. 1:72, அதாவது அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு மாடலில் காக்பிட் ஒரு சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் குழிக்குள் வெளிச்சம் எவ்வளவு போகும்? அசல் நிறத்தை அப்படியே வைத்தால் இருட்டுப் பொந்தாகிவிடும். அதனால் நிறத்தில் கொஞ்சம் வெள்ளை சேர்த்து வெளிறச் செய்வார்கள். 1:72-க்கு நூற்றுக்குப் பதினைந்து, 1:48-க்குப் பத்து என்று கணக்கும் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கில் பாதி நம்பிக்கைதான். விமானத்தின் வெளிப்புறத்துக்கு அது சில சமயம் அதிகம், உட்புறத்துக்குச் சில சமயம் போதவில்லை. பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்து முடிவு செய்வதே மேல். ஒன்று மட்டும் உறுதி: கறுப்பு என்று எழுதியிருக்கும் இடத்தில் சுத்தக் கறுப்பு வேண்டாம். கரும் சாம்பலைப் பூசி, மீட்டர் முகங்களுக்கு மட்டும் கறுப்பைக் கொடுத்தால் பலகை வேறு, மீட்டர் வேறு என்று தெரியும்.

இதுவரை சுவரும் பலகையும். இனி உள்ளே உட்காரும் ஆள். பல பேர் விமானியின் உருவத்தைக் கிட்டோடு சேர்த்து மூடி வைத்துவிடுகிறார்கள். அல்லது தலை முதல் கால் வரை ஆலிவ் பச்சை, கைக்குக் கறுப்பு, ஹெல்மெட்டுக்கு வெள்ளை என்று மூன்றே பூச்சில் முடித்துவிடுகிறார்கள். கிட்டோடு வரும் காகிதமும் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறது. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

ஒரு அமெரிக்க விமானியை எடுத்துக்கொள்வோம். சி.டபிள்யூ.யூ.-27 என்ற தீப்பிடிக்காத ஓவரால். அதன் நிறம் சாம்பல் கலந்த பச்சை, துவைக்கத் துவைக்கச் சாம்பல் தூக்கலாகும். அதற்கு மேல் இடுப்பிலும் காலிலும் ஜி-சூட் என்ற அழுத்த உடுப்பு. இதுவும் அதே பச்சைதான், ஆனால் ஓவராலோடு சேர்ந்து வெளுப்பதில்லை. அதனால் ஒரு படி மாறி நிற்கும். மார்பில் உயிர்காப்பு உடுப்பு, அதன் மேல் பட்டைகள். ஆக ஒரே பச்சையில் மூன்று நான்கு சாயல். 1:48-ல் அந்த மனிதர் நின்றால் நாலு சென்டிமீட்டர்கூட இல்லை. அதில் இந்தச் சாயல்களைப் பிரித்துக் காட்டுகிறவரைத்தான் நான் கைகாரர் என்பேன். கையுறையின் புறங்கை பச்சைத் துணி, உள்ளங்கை சாம்பல் தோல். ஹெல்மெட்டில் மங்கல் பூச்சு, கண்ணை மூடும் விசரில் மட்டும் ஈரம் மின்னுவதுபோல் பளபளப்பு. வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கக் கடற்படை விமானி என்றால் ஹெல்மெட்டில் அவரவர் படைப்பிரிவின் நிறத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் டேப் ஒட்டியிருப்பார்கள். பழைய மிக்-21 விமானி என்றால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு அடியில் தோல் குல்லாயின் விளிம்பு எட்டிப் பார்க்கும்.

சீட்டில் ஒரு இடத்தில் மட்டும் இந்தச் சாயல் விவகாரம் எதுவும் கிடையாது. மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் இருக்கையில், ஆபத்தில் விமானி வெளியேற இழுக்கும் கைப்பிடி மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி வரும் பட்டை. அமெரிக்கக் கடற்படையின் ஃபேன்டம் விமானங்களில் அது தலைக்கு மேல் இரண்டு வளையங்களாகவும் இருந்தது. உயிர்போகும் நேரத்தில் கண்ணில் பட வேண்டிய பொருள். அதற்குப் போய் வெள்ளை கலந்து வெளிறச் செய்யாதீர்கள், அழுக்குப் பூசாதீர்கள். பொதுவாகவே இப்போது பெயின்ட் உரிந்ததும் துரு ஏறியதுமாக உட்புறத்தைக் குப்பைமேடாக்குவது ஒரு மோகமாகிவிட்டது. பறக்கிற விமானத்தைத் தினமும் துடைத்துப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். விமானி கால் வைத்து ஏறும் விளிம்பில் கொஞ்சம் தேய்மானம் காட்டினால் போதும்.

நேயர்களில் விமானப்படையில் தரைப்பணி பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். மிக் விமானத்தின் காக்பிட்டுக்குள் குனிந்து திருகு முடுக்கியவர்கள், உரிந்த இடத்துக்குப் பெயின்ட் தொட்டுப் பூசியவர்கள். உங்கள் தெருவில் மாடல் செய்கிற பையனோ பெண்ணோ இருந்தால், அவர்கள் கலந்து வைத்திருக்கும் நிறத்தை ஒரு நாள் போய்ப் பார்த்துச் சொல்லுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தளம், எந்த வகை விமானம் என்பதையும் சேர்த்துச் சொல்லி எழுதி வைக்கச் செய்யுங்கள்.