பலாச்சுளையும் மூச்சுப் பரிசோதனையும்

நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சீசனில் பலாப்பழ வாசனை பழக்கம்தான். அந்தப் பலாச்சுளை கேரளத்தில் அரசு பஸ் ஊழியர்களை வம்பில் மாட்டிவிட்டது.

2025 ஜூலை. பந்தளம் டிப்போவில் டூட்டிக்கு முன் மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊதிய டிரைவர், குடித்தவராகக் காட்டப்பட்டார். குடிக்கவே இல்லை, பலாச்சுளைதான் தின்றேன் என்றார். சந்தேகம் தீர, ஊதிப் பூஜ்யம் காட்டிய ஒருவரைச் சுளை தின்னவைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். அவரும் குடித்திருப்பதாகக் காட்டியது கருவி!

நன்றாகப் பழுத்த சுளையில் சர்க்கரை நொதித்துச் சிறிது ஆல்கஹால் உண்டாகும். அது வாயில் தங்கும். கொப்பளித்துவிட்டுக் கால்மணி நேரம் கழித்து ஊதினால் இருக்காது.

பஸ் நிறைய உயிர்களை ஏற்றிச் செல்கிறவரைப் பரிசோதிக்கத்தான் வேண்டும். அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. ஆனால் ஒரே ஊதலில் ஒருவர் பிழைப்பைப் பறிப்பது அநியாயம். மறுபரிசோதனை கேட்டுத் தொழிற்சங்கம் நின்றால், அது குடிக்கு வக்காலத்து ஆகாது. வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் சொல்லும் ஆல்கஹால் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். டிரைவர் தோழர்களே, ஊதும் முன் வாய் கொப்பளியுங்கள். முடிவு தவறென்று பட்டால், ரத்தப் பரிசோதனை வேண்டுமென்று அப்போதே எழுதிக் கொடுங்கள்.