கெண்டைக்கால் பிடிச்சா என்ன செய்யணும்?

போன ஆண்டு விழாவில் கயிறு இழுக்கும் போட்டியில் நம்ம அக்கா ஒருத்தர், “ஐயோ, கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சே!”ன்னு உட்கார்ந்துட்டாங்க. முட்டியை நேராக நீட்டவைத்து, கால்விரல்களை அவங்க முகத்தைப் பார்க்கிற மாதிரி மெதுவாகச் சாய்த்து 30 விநாடி பிடித்தோம். பிறகு இதமாக நீவிவிட்டோம். வலி விட்டது.

காலையிலிருந்து அவங்க தண்ணியே குடிக்கலை. ஏன்? மைதானத்தில் கழிப்பறை இல்லை! வேலைக்குப் போற இடத்திலும் நாம இப்படித்தானே தாகத்தை அடக்குறோம்? களைத்த தசை, வியர்வையில் நீரும் உப்பும் போய்விட்டால், சீக்கிரம் இழுத்துக்கும். தண்ணியும் நீர்மோரும் குடிங்க. போட்டிக்கு முன்னே 10 நிமிடம் நடந்து, காலை நீட்டி மடக்குங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

இந்த வருடம் பந்தல் போடுமுன்னே கழிப்பறைக்கு ஏற்பாடு செய்வோம்.